மணலில் முளைத்த கல்வி நெறி: ஆண்ட்ரூ பெல்லின் வாழ்வும் பணியும்

முன்னுரை

எழுத்துகளை அறிந்துவிட்ட குழந்தை எல்லாச் சொற்களையும் படித்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அவ்வாறில்லை. நம் கல்லூரி மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகச் சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தபோது, அவ்வூர்த் தொடக்கப்பள்ளிக்கு நாமும் அவர்களுடன் சென்றிருந்தோம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அம்மா, பந்து, மரம், கிளி என்னும் சொற்களைத் தடையின்றிப் படித்தாள். 'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' என்னும் சொல் வந்ததும் நின்றுவிட்டாள். முதல் எழுத்திலிருந்து தொடங்குவாள். பாதி வழி போவாள். போன வழியை மறந்து மீண்டும் முதல் எழுத்துக்கே வருவாள். நாம் அச்சொல்லை முழுவதாகச் சொல்லிக் கொடுத்தோம். அவள் நம் வாயைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாளேயன்றிப் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

அவ்வேளையில் ஐந்தாம் வகுப்பில் பயிலும் அவளுடைய அக்காள் அருகில் வந்தமர்ந்தாள். சொல்லின் பிற்பகுதியை உள்ளங்கையால் மூடி, 'விளை' என்பது மட்டும் தெரியுமாறு வைத்தாள். தங்கை படித்ததும் கையைச் சிறிது நகர்த்தினாள். 'யாடிக்' வந்தது, 'கொண்' வந்தது, 'டிருந்' வந்தது, 'தார்கள்' வந்தது. பின்னர்க் கையை எடுத்துவிட்டாள். தங்கை அச்சொல்லை ஒரே மூச்சில் தானே படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அப்போது தோன்றாத வழி, பத்து வயதுச் சிறுமிக்குத் தோன்றிற்று.

தொல்காப்பியர் சொற்களை ஓரெழுத்தொருமொழி, ஈரெழுத்தொருமொழி, இரண்டெழுத்தின் மிக்கு ஒலிக்கும் தொடர்மொழி என வகுத்தார். ஓரெழுத்திலிருந்து தொடர்மொழிக்குச் செல்லும் அந்தச் சிறுதொலைவே தொடக்கப்பள்ளிக் குழந்தைக்குப் பெரும்பயணம் ஆகின்றது. அப்பயணத்துக்கு வழி காண்பதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஒருவர் உண்டு. அவர் பிறந்தது ஸ்காட்லாந்து நாட்டில். அவருக்கு வழி கிடைத்ததோ நம் சென்னை மாநகரில். அவரே ஆண்ட்ரூ பெல். அன்னாரின் வாழ்வையும் பணியையும், நிறையோடு குறையையும் சேர்த்து, ஈண்டு நோக்குவோம்.

பிறப்பும் இளமையும்

ஸ்காட்லாந்தின் கீழ்க்கடற்கரையில் அமைந்த பழம்பெரும் பல்கலைக்கழக நகரம் செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஆகும். அந்நகரில் 1753ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் பெல் பிறந்தார். தந்தையார் முடிதிருத்தும் தொழிலர். செல்வக் குடும்பம் அன்று. எனினும் அறிவுக் குடும்பம். 1769இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பெல், கணக்கிலும் இயற்கை அறிவியலிலும் சிறந்து விளங்கினார்.

1774இல் பிழைப்புத் தேடி அட்லாண்டிக் கடலைக் கடந்து வர்ஜீனியா சென்றார். அங்கே தோட்ட உரிமையாளர் ஒருவரின் புதல்வர்களுக்கு வீட்டாசிரியராக இருந்தார். புகையிலை வாணிகத்திலும் பொருள் ஈட்டினார். அமெரிக்க விடுதலைப் போர் மூண்ட காலம் அது. 1781இல் தாயகம் திரும்பும் வழியில் அவர் ஏறிய கப்பல் உடைந்தது. உயிர் பிழைத்து ஊர் சேர்ந்த பெல், பின்னர் இங்கிலாந்துத் திருச்சபையில் சமயகுருவானார். இவ்வாறு முப்பத்து மூன்று வயதுக்குள் ஆசிரியர், வணிகர், குருவானவர் என்னும் மூன்று நிலைகளையும் கண்டுவிட்ட அவருக்கு, வாழ்வின் பெரும்பணி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.

சென்னை வருகை

1787இல் பெல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அறிவியல் சொற்பொழிவுகள் நிகழ்த்திப் பொருள் ஈட்டலாம் என்பது அவருடைய எண்ணம். கல்கத்தாவுக்குச் செல்லக் கருதியவர் சென்னையிலேயே தங்கிவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பிரிவுகள் பலவற்றுக்கு ஒரே காலத்தில் குருவாக அமர்ந்து, ஊதியங்கள் பலவற்றைப் பெற்றார். 128 பவுனோடு வந்தவர் 25,000 பவுனுக்கும் மேற்பட்ட செல்வத்தோடு திரும்பினார் என்பதை அவருடைய வரலாற்றாசிரியர்கள் மறைக்கவில்லை. நாமும் மறைக்கவேண்டியதில்லை.

எனினும் ஒரு பணிக்கு மட்டும் அவர் ஊதியம் வேண்டாவென்றார். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்மக்களுக்கான அநாதைக் காப்பகம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் மேற்பார்வையாளர் பொறுப்பே அப்பணி. அங்கிருந்த சிறுவர்களின் தந்தையர் ஐரோப்பியப் படைவீரர். தாயர் பெரும்பாலும் இந்நாட்டுப் பெண்டிர். தந்தை இறந்தோ பிரிந்தோ போனபின், இருசாராரும் தம்மவர் என்று ஏற்காத நிலையில் அச்சிறுவர்கள் நின்றனர். அவர்களுக்கு வாழ்வு தரக்கூடியது கல்வி ஒன்றே.

ஆனால் அக்கல்விதான் அங்கே நடைபெறவில்லை. ஆசிரியர்கள் சிலரே, அவர்களும் குறைந்த ஊதியத்துக்கு வந்தவர்கள், வேறு நல்ல வேலை கிடைத்தால் போய்விடுபவர்கள். எழுத்துகளைக் கற்கவே சிறுவர்களுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. சிறுவர்கள் மந்தமானவர்கள் என்று ஆசிரியர்கள் கூறினர். பெல் அதனை ஏற்கவில்லை. பிழை பிள்ளைகளிடத்தில் இல்லை, முறையிலேதான் உள்ளது என்பது அவருடைய துணிபு. அவருடைய வாழ்வில் நாம் முதலாவதாகப் போற்றவேண்டிய இடம் இதுவே என்போம்.

மணலில் கண்ட பாடம்

ஒருநாள் காலை குதிரைமீது உலாச் சென்ற பெல், வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைக் கண்டார். மாணவர்கள் தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தனர். அக்காலத்தில் சென்னையிலிருந்த ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றே வழங்கினர். எனவே பெல்லின் எழுத்துகளில் அப்பள்ளி மலபார்ப் பள்ளி எனக் குறிக்கப்பெறுகின்றது. அது நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களுள் ஒன்றே என்பதில் ஐயமில்லை.

நமக்கு அக்காட்சி புதிதன்று. மணலில் விரலை ஊன்றி அகரத்தை வரைவதும், ஒலித்துக்கொண்டே எழுதுவதும், மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவதும் நம் முன்னோர் கண்ட முறைகள். பெல்லுக்கு ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1623இல், கன்னட நாட்டில் சிறுவர்கள் ஆசிரியர் அருகில் இன்றியே மணலில் எழுதித் தமக்குள் பாடம் பயின்றதைப் பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி கண்டு வியந்து எழுதியுள்ளார்.

காப்பகத்துக்குத் திரும்பிய பெல், கீழ்வகுப்பில் மணலைப் பரப்பி எழுத்துக் கற்பிக்குமாறு பணித்தார். அவ்வகுப்பின் ஆசிரியர் அது இயலாது என்று சொல்லிவிட்டார். பெல் வேறொரு வழியை நாடினார். அக்காப்பகத்திலேயே எழுத்துக் கற்ற எட்டு வயதுச் சிறுவன் ஜான் பிரிஸ்கன் என்பவனை அழைத்து, அவ்வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவர் முடியாதென்றதைச் சிறுவன் செய்து காட்டினான். தான் அண்மையில் கடந்து வந்த வழியாதலால், எந்த இடத்தில் கால் இடறும் என்பதை அவன் அறிந்திருந்தான். பின்னர்க் கீழ்வகுப்புகள் பலவற்றின் பொறுப்பு அவனிடம் சேர்ந்தது. ஏறத்தாழ இருநூறு சிறுவர்கள் பயின்ற அக்காப்பகம், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் பள்ளியாக மாறிற்று.

நெடுஞ்சொல் கற்பித்த நெறி

மணலில் எழுத்தைக் கற்பித்தது பெல்லின் பணியில் முதற்படியே. எழுத்து அறிந்த சிறுவன் நெடிய சொல்லைப் படிக்க வேண்டுமே! ஆங்கிலத்தில் இஃது இருமடங்கு கடினம். அம்மொழியில் எழுத்தின் பெயர் வேறு, அது சொல்லில் ஒலிக்கும் ஒலி வேறு. ஆகவே எழுத்துகளின் பெயரைச் சொல்லிச் சொல்லைக் கூட்டும் வழக்கம் அங்கே உண்டு.

அக்காலப் பள்ளிகளில் இருந்த பழைய முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 'இம்பாஸிபிலிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லில் ஆறு அசைகள் உள்ளன. சிறுவன் முதலசையின் எழுத்துகளைச் சொல்லி 'இம்' என்பான். இரண்டாம் அசையின் எழுத்துகளைச் சொல்லி அதனை ஒலித்துவிட்டு, முதலுக்குத் திரும்பி இரண்டையும் சேர்த்துச் சொல்வான். மூன்றாம் அசையைக் கூட்டியபின் மீண்டும் முதலுக்குத் திரும்பி மூன்றையும் சொல்வான். இவ்வாறு சொல் முடிவதற்குள் முதலசையை மட்டும் ஆறு முறை ஒலித்திருப்பான். கடைசி அசைக்கு வரும்போது நாவும் களைத்துவிடும்; நினைவும் களைத்துவிடும். முகாமில் நாம் கண்ட சிறுமி ஒவ்வொரு முறையும் முதல் எழுத்துக்குத் திரும்பியதை இங்கே நினைவுகூர்க.

பெல் இந்த மீள்சொல்லலை நீக்கினார். ஓரசையைக் கூட்டியாயிற்றா, அதனை விட்டு அடுத்த அசைக்குச் செல். திரும்பிப் பாராதே என்பது அவர் வகுத்த விதி. இதனோடு மேலும் இரண்டு விதிகளைச் சேர்த்தார். ஒன்று, ஓரசைச் சொற்களில் மாணவன் முழுத் தேர்ச்சி பெறும்வரை நெடிய சொற்களை அவன்முன் வைக்கலாகாது. மற்றொன்று, நெடிய சொல் வந்தபோது அதனை ஓரசைச் சொற்களின் வரிசையாகவே எண்ணி, ஒவ்வோர் அசைக்கும் நின்று நின்று படிக்க வேண்டும். அதில் பழகியபின் சொல்லுக்குச் சொல் நின்று படிப்பான். அதன்பின் பொருள் முடியும் இடத்தில் நின்று படிப்பான். நெடுஞ்சொல் என்பது புதிய பகையன்று. முன்பே அறிமுகமான சிறு நண்பர்கள் கைகோத்து நிற்கும் வரிசை என்று குழந்தைக்குக் காட்டுவதே இந்நெறியின் உட்பொருள்.

இதனுடன் இணையாசான் முறையும் சேர்ந்தது. வகுப்பில் தேர்ந்த மாணவன் ஒருவன், தேராத ஒருவனுக்கு அருகில் அமர்த்தப்பட்டான். பாடங்கள் சிறியவை, ஒன்றை முற்றக் கல்லாமல் அடுத்ததற்குச் செல்லக் கூடாது. பிரம்படியைப் பெல் வெறுத்தார். குற்றங்கள் ஓர் ஏட்டில் குறிக்கப்பெற்று, மாணவர்கள் கூடிய அவையிலேயே விசாரிக்கப்பட்டன.

இம்முறை நமக்கு முற்றிலும் அயலானது அன்று. எழுத்துக் கூட்டிப் படித்தல் நம் திண்ணைப் பள்ளிகளின் பழக்கம். நம் குர்ஆன் மதரஸாக்களிலும் எழுத்தையும் உயிர்க்குறியையும் கூட்டி, அசை அசையாக ஒலித்து, அதன்பின்னரே சேர்த்து ஓதக் கற்பிக்கின்றனர். முன்னே ஓதி முடித்த பிள்ளை பின்னே வருபவனுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

இங்கிலாந்தில் பரவிய மதராஸ் முறை

1796இல் பெல் சென்னையை விட்டுப் புறப்பட்டார். மறு ஆண்டு, 1797இல், எழும்பூர்க் காப்பகத்தில் தாம் செய்த கல்விச் சோதனையைப் பற்றிய சிறுநூலை இலண்டனில் வெளியிட்டார். 1798இல் இலண்டன் ஆல்கேட் பகுதியிலுள்ள அறப்பள்ளி ஒன்று இம்முறையை முதலில் மேற்கொண்டது. 1801இல் பெல் ஸ்வானேஜ் என்னும் கடற்கரை ஊரின் குருவானார். அங்கே பள்ளிகளை நடத்தியதோடு, அம்மைநோயைத் தடுக்கும் ஊசியைத் தம் கையாலேயே மக்களுக்குக் குத்தினார்.

இதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞரும் இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்கு மாணவரைக் கொண்டே கற்பிக்கும் பள்ளியை நடத்தினார். இவர் குவேக்கர் சமயப் பிரிவினர். தொடக்கத்தில் இருவருக்கும் நட்பு இருந்தது. பெல்லின் நூலால் தாம் பெற்ற பயனை லங்காஸ்டர் ஒப்புக்கொண்டார். ஸ்வானேஜுக்கே வந்து பெல்லைக் கண்டார். பின்னர் யார் முதல்வர் என்னும் பூசல் எழுந்தது. அதற்குச் சமயப் பிரிவுகளின் பகையும் துணையாயிற்று. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் ஏழை மக்களின் கல்விக்கெனத் தேசியக் கழகத்தை நிறுவிப் பெல்லை அதன் மேற்பார்வையாளராக்கினர். அவர் மறைந்த காலத்தில் பிரிட்டனிலும் அதன் குடியேற்ற நாடுகளிலுமாகப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இம்முறை நடைபெற்றதாகக் கணக்கிட்டனர். அதற்கு மதராஸ் முறை என்னும் பெயர் வழங்கிற்று.

இல்லறம் அவருக்கு அமையவில்லை. 1800இல் நிகழ்ந்த திருமணம் 1806இல் பிரிவில் முடிந்தது. பிடிவாதமும் புகழ்விருப்பும் உடையவர் என்பதை அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர். 1832 ஜனவரி 27ஆம் நாள் செல்ட்டன்ஹாம் நகரில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பெற்ற அவருடைய கல்லறையில் மதராஸ் கல்வி முறையின் ஆசிரியர் என்ற குறிப்பே இடம்பெற்றது. ஏறத்தாழ 1,20,000 பவுன் செல்வத்தைக் கல்விப் பணிகளுக்கு விட்டுச் சென்றார். அதனால் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1876இல் எடின்பரோ, செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களில் கல்வியியலுக்கெனப் பேராசிரியர் இருக்கைகள் ஏற்பட்டதும் அவருடைய பொருளாலேயே.

நிறையும் குறையும்

பெல்லின் பணியை மதிப்பிடும்போது நடுநிலை பிறழலாகாது. மணலில் எழுதும் முறையை நாட்டுப் பள்ளியில் கண்டதாக அவரே எழுதினார், அந்நேர்மை போற்றற்குரியது. ஆனால் மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிப்பது தம் கண்டுபிடிப்பே என்று இறுதிவரை சாதித்தார். சட்டாம்பிள்ளையை அறிந்த நாம் அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்ள இயலாது. 1823இல் பெல்லாரி மாவட்ட ஆட்சியராயிருந்த கேம்ப்பெல், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் நாட்டு முறை வியக்கத்தக்கது என்றும், இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றும் தம் அறிக்கையில் குறித்தார். ஆளுநர் தாமஸ் மன்றோவின் ஆணைப்படி எடுத்த கணக்கில், சென்னை மாகாணத்தில் 12,498 நாட்டுப் பள்ளிகள் இருந்தமை தெரியவந்தது. பெல்லின் கல்லறைக்குப் பெயர் உண்டு. சென்னை வீதியோரத்தில் அன்று மணலைப் பரப்பிய ஆசிரியருக்குப் பெயர் இல்லை. அப்பெயரற்றவரையும் ஆசான் என்று வணங்குதல் நம் கடன்.

மற்றொரு குறை இதனினும் பெரிது. ஏழைக் குழந்தைக்குப் படிக்கத் தெரிந்தால் போதும். எழுத்தும் கணக்கும் எல்லார்க்கும் வேண்டுவதில்லை என்னும் கருத்தைப் பெல் ஒரு காலத்தில் எழுதினார். கல்வி ஏழையை அவன் நிலைக்கு மேல் உயர்த்திவிடும் என்று அன்றைய செல்வர்கள் அஞ்சினர். அவ்வச்சத்துக்கு அவரும் இடங்கொடுத்தார். அநாதைச் சிறுவர்களை மந்தமானவர் என்று சொல்லக் கேட்டு மறுத்த அதே மனிதர் இவ்வாறு எழுதியது வருந்தத்தக்கது.

அவருடைய பள்ளிகளும் காலப்போக்கில் பொருளை மறந்து ஒலியைப் பற்றிக்கொண்டன. சிறு சட்டாம்பிள்ளைகள் தாம் அறியாத பொருளைப் பிறர்க்கு எவ்வாறு உணர்த்துவர்? பிள்ளைகள் நெடுஞ்சொற்களை ஒலித்தனர், உணரவில்லை. 1846இல் பிரிட்டிஷ் அரசு, வயது வந்த ஆசிரியரிடம் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் முறையைக் கொண்டுவந்தது. மதராஸ் முறை மெல்ல மறைந்தது.

இவ்விடத்தில் தமிழாசிரியர்களாகிய நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. தமிழில் எழுத்தும் ஒலியும் பெரிதும் ஒத்துச் செல்வன. நம் சொற்கள் நெடியனவாவதற்குக் காரணம் வேறு: விகுதியும் துணைவினையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டிக்கொள்கின்றன, புணர்ச்சியில் உகரம் கெட்டுச் சொல்லின் மூட்டுகள் மறைகின்றன. அச்சிறுமி 'கொண்' என்றும் 'டிருந்' என்றும் பிரித்தது காதுக்கு ஏற்ற பிரிப்பு. 'விளையாடி', 'கொண்டு', 'இருந்தார்கள்' என்பது பொருளுக்கு ஏற்ற பிரிப்பு. முன்னது படிக்க வைக்கும்; பின்னது உணர வைக்கும். முதலில் காதுக்காகப் பிரித்துப் படிக்கச் செய்து, பின் பொருளுக்காகப் பிரித்துக் காட்டுவோமானால், பெல்லின் பள்ளிகள் தவறிய இடத்தில் நாம் தவறமாட்டோம். பகுபதமும் புணர்ச்சியும் தேர்வுக்காக மட்டும் உள்ள இலக்கணம் அல்ல. படிக்கத் திணறும் குழந்தைக்குக் கைகொடுக்கும் கருவிகள் என்பதும் அப்போது விளங்கும்.

முடிவுரை

எழும்பூரில் அன்று அந்த அநாதைக் காப்பகம் இருந்த இடத்தில்தான் 1908இல் இரயில் நிலையம் திறக்கப்பெற்றது. தென்மாவட்டங்களிலிருந்து நம்மவர் பலர் சென்னையில் முதன்முதல் கால்வைக்கும் இடம் அது. அந்த மண்ணில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன்னினும் இளையவர்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தான் என்பதையும், அதற்கு வழிகாட்டியது பெயர் தெரியாத ஒரு தமிழ்ப் பள்ளி என்பதையும் அவ்வழியே செல்லும்போதேனும் நாம் நினைவுகூர வேண்டும்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தன. அப்போது எழுத்துக் கற்கவேண்டிய வயதிலிருந்த பிள்ளைகள் பலர் நெடுஞ்சொற்களின் முன் திணறி நின்றதை ஆசிரியர்கள் அறிவர். அவர்களைப் போன்றோர் இன்றும் நம் தெருவில் உள்ளனர். நம் வீட்டிலும் இருக்கலாம். இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் மாணவச் செல்வங்களே! அத்தகைய குழந்தைக்கு அருகில் நாளும் சிறிதுநேரம் அமருங்கள். சொல்லை முழுவதாகச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். அதே பிழையை நாமும் செய்தோம். உள்ளங்கையால் மூடுங்கள், சிறிது சிறிதாக நகர்த்துங்கள், முடிவில் அச்சொல்லின் பொருளையும் கேளுங்கள். மேலும் ஒன்று: கையை எப்போது எடுக்கவேண்டும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அந்த அக்காள் கையை எடுத்த கணத்தில்தான் தங்கை தானே படித்தாள்.